முகமனை முந்திச் சொல்வோம்



வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் தனியே தொலைதூரம் புறப்பட்டால், பெரியவர்கள் வாசற்படியில் நின்று கேட்கும் முதல் வினா, "துணைக்கு யார்?" என்பதுதான். அந்த வினாவிற்கு விடை சொல்ல இயலாமல், பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவிஞ்ஞோன் நகருக்கு ஒருமுறை நான் தனியே சென்றிருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவிஞ்ஞோன், ரோன் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம். 14ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கல்மதில், 4 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு, இன்றும் அந்நகரைச் சுற்றி நிற்கிறது. கத்தோலிக்கக் கிறித்தவர்களின் தலைவர்களான போப்பாண்டவர்கள் எழுவர், 1309 முதல் 1377 வரையிலான காலத்தில், ரோமாபுரியை விடுத்து இந்நகரையே தங்கள் இருப்பிடமாகக் கொண்டிருந்தனர். அவர்கள் கட்டிய மாளிகை, கோட்டையோ என்று ஐயுறும் வண்ணம் ஊர் நடுவே ஓங்கி நிற்கிறது. பழைய நகரின் இப்பகுதியை 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

முதலிரண்டு நாட்களும் இவற்றையெல்லாம் கண்குளிரக் கண்டேன். ஆனால் மாலை வந்ததும் மனம் கனத்தது. சதுக்கத்து உணவகங்களில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானோ ரொட்டித் துண்டையும் பழத்தையும் வாங்கிக்கொண்டு, ஓரத்துக் கல்லிருக்கையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் உண்டு எழுந்தேன். அழகான காட்சியைக் கண்டதும் "அதோ பார்!" என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லையென்றால், கண்ட இன்பத்தில் பாதி குறைந்துவிடுகிறது அல்லவா?

மூன்றாம் நாள், அந்நகரின் புகழ்பெற்ற புனித பெனெசே பாலத்திற்குச் சென்றேன். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அப்பாலம் ஒரு காலத்தில் 22 வளைவுகளோடு ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்திருந்தது. போரும் வெள்ளமும் அதனை மீண்டும் மீண்டும் சிதைத்தன. 17ஆம் நூற்றாண்டில், இனிப் பழுது பார்த்துப் பயனில்லை என்று கைவிட்டுவிட்டனர். இன்று எஞ்சியிருப்பவை 4 வளைவுகளே. பாலம் ஆற்றின் நடுவே திடீரென முடிந்துபோகிறது.

அந்த முனையில் மூதாட்டி ஒருவர் தனியே நின்றுகொண்டிருந்தார். தம்மைப் படமெடுத்துத் தருமாறு கைபேசியை என்னிடம் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருப்பதாகவும், கணவரோடு வரவேண்டுமென்று பல ஆண்டுகள் எண்ணியிருந்ததாகவும், அவர் மறைந்தபின் தாம் மட்டும் வந்திருப்பதாகவும் கூறினார். பிறகு, "கீழே சென்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாமா?" என்று கேட்டார். எனக்கு எந்த அலுவலும் இல்லை. ஆயினும் ஏதோ கூச்சம் தடுத்தது. "வேறு வேலை இருக்கிறது" என்று பொய் சொல்லி அகன்றுவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது பணமா, பொருளா? அரைமணி நேரம்தானே! மறுநாள் காலையில் பாலத்தருகிலும், மாளிகை வாசலிலும், ஆற்றைப் பார்த்தவாறு உயர்ந்திருக்கும் தோம் குன்றின் பூங்காவிலும் அவரைத் தேடினேன். காணவில்லை.

மனம் சோர்ந்து ஆற்றங்கரைக்கு இறங்கினேன். பாலத்தின் அருகிலிருந்து பார்த்தலாஸ் தீவிற்குக் கட்டணமின்றிச் சிறு படகொன்று சென்றுவருகிறது. இம்முறை, படகில் ஏறியதும் எதிரே இருந்தவர்களைப் பார்த்து, "போன்ஜூர்" என்று நானே முந்திக்கொண்டு முகமன் கூறினேன். பிரேசில் நாட்டு மாணவி ஒருவரும், மொராக்கோவில் பிறந்து லியோன் நகரில் வாழும் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரும் மலர்ந்த முகத்தோடு மறுமொழி தந்தார்கள். இருவரும் என்னைப்போலவே தனியே வந்தவர்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன ஒரு செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. "இரண்டு நாட்களாகச் சதுக்கத்தில் உங்களைப் பார்த்து வருகிறேன். தனிமையை விரும்புகிறவர் போலும் என்றெண்ணி அருகே வரவில்லை" என்றார். நானும் பிறரைப் பற்றி அவ்வாறேதான் எண்ணியிருந்தேன்! எண்ணிப் பாருங்கள். பேச ஏங்கும் இருவர், மற்றவர் பேச விரும்பவில்லை என்று தாமாகவே முடிவுகட்டி, பத்தடி தொலைவில் வாய்மூடி அமர்ந்திருந்திருக்கிறோம்.

மறுநாள் மூவருமாகப் பேருந்தேறி, கார் ஆற்றின் மேல் ரோமானியர்கள் கட்டிய மூன்றடுக்குப் பாலத்தைக் காணச் சென்றோம். சுமார் 50 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியே நீம் நகருக்கு நீர் கொண்டுசென்ற பாலம் அது. அதன் நிழலில் அமர்ந்து ரொட்டியையும் பழங்களையும் பங்கிட்டு உண்டோம். அன்றைய உணவின் சுவை, முன்னிரண்டு நாட்களின் உணவில் இல்லை.

"முன்பின் அறியாதவர்களை எப்படி நம்புவது?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முகமன் எல்லோருக்கும் உரியது. நம்பிக்கையைச் சிறுகச் சிறுகவே அளிக்க வேண்டும். பகற்பொழுதில், மக்கள் நடமாடும் இடங்களில் பழகுங்கள். தங்குமிடத்தையும் மறுநாள் பயணத்தையும் வீட்டாருக்கு அன்றாடம் தெரிவியுங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் எவர் கையிலும் கொடுக்காதீர்கள். பெண்கள், மகளிருக்கெனத் தனி அறையுள்ள விடுதிகளைத் தேர்ந்துகொள்வது நன்று. மனம் ஒப்பவில்லையெனில் தயங்காமல் விடைபெறலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. விடுதியின் பொதுச் சமையலறை, வழிகாட்டியோடு செல்லும் நகர்வலம் போன்றவை தனிப்பயணிகள் இயல்பாகச் சந்திக்கும் இடங்கள். அவிஞ்ஞோனில் ஜூலை மாதம் பெரும் நாடக விழா நடைபெறும். 1947இல் தொடங்கிய விழா அது. அப்போது செல்வோர் பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்துகொள்வது நலம்.

எச்சரிக்கை வேறு, ஒதுங்கல் வேறு. எச்சரிக்கை நம்மைக் காக்கும். ஒதுங்கலோ, பிறருக்குத் தரவேண்டிய ஒரு கோப்பைத் தேநீர் நேரத்தையும் தரவிடாது. அந்த மூதாட்டியின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குறை இன்றும் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

நம் ஊர்த் தெருக்களிலும் தனியே வந்து, வழி தெரியாமல் நிற்பவர்கள் உண்டு. அவர்களைக் காணும்போது, யார் முதலில் பேசுவது என்று காத்திராமல், முகமனை நாமே முந்திச் சொல்வோமா?