அறையில் என்ன இருக்கிறது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மேஜ் ஹேண்ட் என்ற மாயக்கை மந்திரத்தை ஆட்டக்காரர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆட்டத்தை நடத்தும் எந்த டிஎம்மை (டன்ஜன் மாஸ்டரை) கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பொறி வைத்த பெட்டியைத் தள்ளி நின்று திறக்க. அதோடு சரி. மற்ற நேரமெல்லாம் சுற்றுக்குச் சுற்று ஃபயர் போல்ட் என்ற தீ மந்திரம், ஒரு பத்துமுகப் பகடை, சேதக் கணக்கு. ஆட்டக்காரர்களிடம் கற்பனை வற்றிவிட்டது என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறை நம்முடைய தயாரிப்புக் குறிப்பில் இருக்கிறது.

குறிப்பை எடுத்துப் பாருங்கள். "அறை 7: நான்கு கோப்ளின்கள், ஒரு பெட்டி, வடக்கே கதவு." பத்து பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ எடையை முப்பதடி தூரத்தில் நகர்த்தக்கூடிய ஒரு கை இந்த அறையில் எதைத்தான் நகர்த்தும்? பெட்டியைத்தான். அதே அறையில் கூரையிலிருந்து ஓர் இரும்பு விளக்கு தொங்கட்டும். அதைத் தாங்கும் கயிறு சுவர் ஆணியில் முடிந்திருக்கட்டும். மூலையில் வைக்கோல், கோப்ளின்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் அடுப்பில் கொதிக்கும் பானை. இப்போது முடிச்சை அவிழ்க்க ஒரு கை இருக்கிறது. ஃபயர் போல்ட்டின் விதியிலேயே, யாரும் அணியாத, கையில் வைத்திராத எரியும் பொருள்மேல் பட்டால் அது தீப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறது. வைக்கோல் இல்லாத அறையில் அந்த வரிக்கு வேலையே இல்லை. பெரிய மந்திரங்கள் எதிரியின்மேல் பாயும். சின்ன மந்திரங்கள் பொருள்களைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். பொருளை வைக்க வேண்டியது நாம்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முதல் நிலை மந்திரங்கள் எட்டே எட்டுதான். புதிய மந்திரவாதிக்கு நாளுக்கு ஒன்று. ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்த முறைப்படி, சொன்ன மாத்திரத்தில் அது நினைவிலிருந்து போய்விடும். அந்த ஒன்றை எங்கே செலவிடுவது என்று யோசித்தே ஆகவேண்டிய நிலை. 1981 பேசிக் விதிப்புத்தகத்தில் லைட் மந்திரத்தை எதிரியின் கண்மேல் ஏவிக் குருடாக்கலாம் என்றே விதி இருந்தது. கேன்ட்ரிப் எனப்படும் குட்டி மந்திரங்கள் 1985-இல் அனெர்த்து ஆர்க்கேனா புத்தகத்தில் இடம்பெற்றன. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தத் தாராளம் எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் பஞ்சம் முன்பு கட்டாயப்படுத்திய யோசனையை இப்போது வேறு ஏதாவது தூண்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியது அறையின் வர்ணனை.

நான் நடத்திய ஒரு விருந்துக் காட்சியைச் சொல்கிறேன். அரசரின் கோப்பையில் நஞ்சு இருக்கிறது என்பது குழுவுக்குத் தெரிந்துவிட்டது. யார் கலந்தார்கள் என்பது தெரியாது. கத்தினால் கலந்தவன் தப்பிவிடுவான். மந்திரவாதியாக ஆடியவர் என்னிடம், "கோப்பையில் என்ன ஒயின், சூடா, குளிர்ச்சியா?" என்று கேட்டார். கிராம்பும் மிளகும் போட்டுச் சுடவைத்தது என்றேன். அவர் ப்ரெஸ்டிடிஜிட்டேஷன் என்ற குட்டி மந்திரத்தை எடுத்தார். ஒரு கன அடிவரையான உயிரற்ற பொருளின் சுவையை அது ஒரு மணி நேரத்துக்கு மாற்றும். நஞ்சை அது போக்காது. ஒயினை அழுகிய மீனாக்கிவிட்டால் அரசரே துப்பிவிடுவார்.

இங்கேதான் டிஎம் தன் விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த மந்திரத்தின் எல்லை பத்தடி. அவர் உட்கார்ந்திருந்ததோ மேசையின் கடைக்கோடியில். போதாததற்கு, வாயால் சொல்லவும் கையால் சைகை காட்டவும் வேண்டும்; நிறைந்த சபையில் அது கண்ணில் படும். "அதெல்லாம் பரவாயில்லை" என்று நான் விட்டிருந்தால் காட்சி அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். விடாததால் பாணர் எழுந்து அரசரை வாழ்த்திப் பாடினார், வீரர் குடிபோதையில் தடுமாறுவதுபோல நடித்துக் காவலர் பார்வையை மறைத்தார், மந்திரவாதி பழத்தட்டை ஏந்திக்கொண்டு நெருங்கினார். சுவை மாறியதற்குப் பகடை கேட்கவில்லை. கண்ணில் படாமல் சொன்னதற்கு மட்டுமே கேட்டேன். அரசர் துப்பினார். சமையல்காரரைக் கட்டி இழுத்துப் போனார்கள், அடுத்த செஷன் முழுக்க அவரை மீட்பதிலேயே போனது. சின்ன மந்திரத்துக்கும் விளைவு உண்டு என்று ஆட்டக்காரர்கள் கண்ட பிறகு, சேதப் பகடை தானாகவே பின்னுக்குப் போய்விடுகிறது.

சரி, எதற்கு மறுப்பது? பழைய வழக்கு ஒன்று எல்லா மேசைக்கும் ஒருநாள் வந்தே தீரும். கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர் என்ற முதல் நிலை மந்திரம் திறந்த பாத்திரத்தில் பத்து கேலன் தண்ணீரை உண்டாக்கும். "எதிரியின் நுரையீரலும் திறந்த பாத்திரம்தானே?" என்பார் ஒருவர். தயங்காமல் மறுத்துவிடுங்கள். உயிருள்ளவரின் உறுப்பு பாத்திரமாகாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, முதல் நிலை மந்திரம் ஒன்றே ஆளைக் கொன்றுவிடுமானால் அதற்கு மேலுள்ள மந்திரங்கள் எதற்கு என்ற கேள்வி. 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடும் ஆட்ட விதிகளை இயற்பியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இதைவிட நுட்பமான வழக்கு, காவலாளியின் இடுப்பிலுள்ள சாவிக்கொத்து. மேஜ் ஹேண்டால் அதைக் கழற்றலாமா? சாதாரண மேஜ் ஹேண்ட் கண்ணுக்குத் தெரியும். அதை மறைத்து, பிறர் உடைமையைத் தெரியாமல் எடுப்பது ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் என்ற கேரக்டர் வகைக்கு மூன்றாம் நிலையில் கிடைக்கும் தனித்திறன். அதை எல்லோருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்தால் அந்தக் கேரக்டரை எடுத்தவருக்கு அநியாயம். காவலாளி தூங்குகிறான், சாவி ஆணியில் தொங்குகிறது என்றால் தாராளமாக விடலாம். உங்கள் தீர்ப்பு எதுவானாலும் நோட்டில் எழுதி வையுங்கள். இன்று ஒருவருக்கு ஆமென்றது அடுத்த வாரம் இன்னொருவருக்கு இல்லையென்றால், அதற்குப் பிறகு யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள்.

எல்லை தெரிந்த ஆட்டக்காரரால்தான் எல்லையின் விளிம்புவரை போக முடியும். ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டத் தயங்குகிறவர்களுக்கு மந்திரத்தின் பெயர் மட்டுமே மனத்தில் நிற்கிறது. தூரமும் நேரமும் நிற்பதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் தமிழாக்கி அச்சிடலாம். லைட், மெண்டிங், மெசேஜ், மேஜ் ஹேண்ட், மைனர் இல்யூஷன், ப்ரெஸ்டிடிஜிட்டேஷன் ஆறும் அதில் இருக்கின்றன. மந்திரத்துக்கு ஓர் அட்டை: எத்தனை அடி, எவ்வளவு நேரம், வாயா கையா, எதைச் செய்யாது. அடுத்த செஷனுக்கு முன் ஆறையும் எழுதி மேசை நடுவில் வையுங்கள். கூடவே உங்கள் குறிப்பில் ஒவ்வோர் அறைக்கும் நகர்த்த ஒன்று, எரிய ஒன்று, உடைய ஒன்று என்று மூன்று பொருள்களைச் சேருங்கள்.