வடிகட்டிக்கும் ஓர் எல்லை உண்டு

கல்லூரி நாள்களில் நண்பர்களோடு கேமரன் மலையில் கூடாரம் அடித்தோம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் கையடக்க வடிகட்டியை வைத்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாட்டி தடுத்தார்: "வேணாம் தம்பி, மேலே காய்கறித் தோட்டம், மருந்து அடிக்கிறாங்க."

வெட்கப்பட்டேன். 0.1 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும். மிகச் சிறிய வைரஸ்கள் தப்பிவிடும்; அவை கொதிநீரில் சாகும். நீரில் கரைந்த பூச்சிக்கொல்லியோ துளை வழியே போய்விடும். கொதிக்க வைத்தாலும் நீங்காது.

மாணவர்களே, மலையேறும் முன் வரைபடத்தைப் பாருங்கள். தோட்டங்களுக்கு மேலே, காட்டிலிருந்து வரும் நீரையே வடிகட்டிக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அது கிடைக்காத இடத்திற்குத் தண்ணீரைச் சுமந்தே செல்லுங்கள். ஓடையில் இறங்குமுன், அங்கே வாழ்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.