கரியிலிருந்து பெட்ரோல்... சபாஷ் போடலாமா?

குட்டீஸ், கறுப்பு நிலக்கரியைப் பெட்ரோலாக மாற்ற முடியுமா? முடியும்! மந்திரமெல்லாம் இல்லை, வேதியியல்தான்.

ஜெர்மனியில் நிலக்கரி ஏராளம். எண்ணெய்க் கிணறுகளோ சொற்பம். அங்கே முல்ஹைம் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1920களில் இதைச் செய்து காட்டினார்கள்.

எப்படித் தெரியுமா? நிலக்கரியை நன்றாகச் சூடாக்கி நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்ற இரண்டு வாயுக்கள் கிடைக்கும். இவற்றைச் சூடான இரும்பு அல்லது கோபால்ட் துகள்கள் மீது அனுப்ப வேண்டும். அந்த உலோகத்தின் மேல் கார்பன் அணுக்கள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகக் கோத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணீராகக் கழன்றுவிடும். குட்டி ரயில் என்றால் எரிவாயு, நடுத்தர ரயில் என்றால் பெட்ரோல், டீசல். ரொம்ப நீளமாகிவிட்டால் மெழுகு! இரும்புக்குப் பதிலாகத் தாமிரமும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியை வைத்தால், அதே வாயுக்கள் மெத்தனால் என்ற ஆல்கஹாலாகிவிடும். (இது கொடிய விஷம். குடித்தால் கண் பார்வையே போய்விடும்.)

தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்குப் பல நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. அதனால் அந்த அரசு, செகுண்டா என்ற இடத்தில் பிரமாண்டமான நிலக்கரி-பெட்ரோல் ஆலைகளைக் கட்டியது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமானது, இன்றும் நடக்கிறது. உலகிலேயே மிக அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடைக் கக்கும் இடங்களில் அதுவும் ஒன்று!

'நம் நாட்டிலும்தான் நிலக்கரி இருக்கிறதே, நாமும் செய்யலாமே' என்று யாராவது சொன்னால், எனக்குச் சம்மதமில்லை. வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால், தயாரிப்பையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரணப் பெட்ரோலைவிடக் கரிப் பெட்ரோல் சுமார் இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. உலகம் சூடாகிவரும் இந்தக் காலத்தில் இது தேவையா?

வேறு வழி இருக்கிறது. சிலி நாட்டில் 2022இல் ஒரு சிறிய ஆலை தொடங்கினார்கள். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மெத்தனாலாக்கி, பிறகு பெட்ரோலாக்குகிறார்கள். நிலக்கரியே வேண்டாம்!

இதிலும் ஒரு சிக்கல். இந்தப் பெட்ரோல் மின்சாரத்தை ஏகத்துக்கும் விழுங்கும். அதே மின்சாரத்தை நேராகப் பேட்டரி காருக்குக் கொடுத்தால், பல மடங்கு தூரம் ஓடும். எனவே பைக்குக்கும் பஸ்ஸுக்கும் பேட்டரியே போதும். இந்தப் புதுப் பெட்ரோலை விமானங்களுக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு சென்னையிலிருந்து லண்டன் வரை பறக்க, இன்னும் எந்த விமானத்தாலும் முடியவில்லையே!