துளை என்றால் துளைதான்

நவீனக் கவிதையையும் நவீனச் சிற்பத்தையும் இணைத்துப் பேச ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நடுவே துளையிட்ட ஒரு சிற்பத்தின் படத்தைத் திரையில் காட்டி, செதுக்கியவர் பார்பரா ஹெப்வொர்த் என்றேன். முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "கருப்பை" என்றார். அரங்கம் தலையாட்டியது. அன்றைக்கு நேரமில்லை என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன்.

ஹெப்வொர்த் 1903இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் பிறந்தவர். ஹென்றி மூருடன் லீட்ஸ் கலைப்பள்ளியில் படித்தவர். களிமண்ணில் மாதிரி செய்து, கல்லில் வடிக்கும் வேலையைப் பிறரிடம் விடாமல், தானே உளியைக் கையிலெடுத்துக் கல்லில் இறங்கியவர்களில் ஒருவர். 1930களின் தொடக்கத்தில் ஓர் அலபாஸ்டர் கல்லை மறுபுறம் தெரியும்படி துளைத்தார். அந்தச் சிற்பம் போரில் அழிந்துபோனது. ஆனால் சிற்பம் என்றால் வெளியை அடைத்து நிற்கும் பிண்டம் என்ற எண்ணத்தை அந்தத் துளை மாற்றிவிட்டது. ஒளியும் காற்றும் பின்னால் இருக்கும் மரமும் சிற்பத்துக்குள் வந்தன. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் சிற்பமும் மாறியது. இது கலை வடிவத்தைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு. இதைச் செய்தது பெண் என்று தெரிந்ததும் மகப்பேற்று மருத்துவம் பேசத் தொடங்குகிறோம்.

1934 அக்டோபரில் அவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. 'தாயும் சேயும்' என்று பெயரிட்ட சிற்பத்தை அவர் செதுக்கியதும் அதே 1934இல்தான். தாய்மையைச் சொல்ல நினைத்தபோது அவர் அதைப் பெயரிட்டே சொன்னார். பிரசவத்துக்குப் பின் உளியைத் திரும்ப எடுத்தபோதோ, மனித உருவத்தின் சாயல் அவருடைய படைப்பிலிருந்து மறைந்தது. வடிவங்களுக்கு இடையிலான தூரம், அளவு, எடை இவைதாம் தன்னை ஆட்கொண்டன என்று அவரே எழுதியிருக்கிறார். 1935இல் வெள்ளைப் பளிங்கில் செய்த சிற்பத்துக்கு 'மூன்று வடிவங்கள்' என்று பெயர் வைத்தார். மூன்று குழந்தைகள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவரா?

அவருடைய துணைவர் பென் நிக்கல்சன் அதே காலத்தில் வெள்ளைப் பலகைகளில் வட்டங்களைக் குடைந்துகொண்டிருந்தார். அவை வடிவியல், தூய அரூபம். ஒரே வீட்டில் ஆண் குடைந்த வட்டம் கணிதமாகவும் பெண் குடைந்த வட்டம் கருப்பையாகவும் ஆவது எப்படி?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மூன்று குழந்தைகளையும் சிறிது காலம் காப்பகத்தில் விட்டு வேலை பார்த்தார் என்பதற்காக ஹெப்வொர்த் நல்ல தாயில்லை என்றும் பேசியிருக்கிறார்கள். முதல் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் நடத்திய குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்தவர் நிக்கல்சன். அவருடைய வட்டங்களுக்குள் யாரும் ஒரு தகப்பனைத் தேடவில்லை. ஹெப்வொர்த்தின் கல்லில் மட்டும் தாய்மையைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது, வாழ்க்கையிலோ அது போதாது.

பெண்ணியவாதிகளான நம்மிடமும் எனக்கு வழக்கு உண்டு. 'பெண்ணுடலின் மொழி' என்று நாமும் இதே சிற்பங்களைப் புகழ்கிறோம். அது மரியாதையாகத் தெரிகிறது, ஆனால் பேராசிரியர் பூட்டிய அதே அறையில்தான் நாமும் அவரை உட்கார வைக்கிறோம். உடலை எழுதும் உரிமைக்காகத் தமிழில் பெண் கவிஞர்கள் வசை வாங்கியிருக்கிறோம். அந்த உரிமையை நான் விட்டுத்தர மாட்டேன். உடலை எழுதாமலிருக்கும் உரிமையும் அதோடு சேர்ந்ததுதான். கிணற்றைப் பற்றி நான் எழுதிய கவிதைக்கு ஒருவர் யோனிக் குறியீடு என்று உரை எழுதினார். அது எங்கள் ஊர்க் கிணறு. தண்ணீர் வற்றியதைப் பற்றி எழுதியிருந்தேன்.

ஹெப்வொர்த் 1939இல் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸுக்குக் குடிபெயர்ந்தார். 1946இல் அங்கே 'பெலகோஸ்' செய்தார். கிரேக்கத்தில் கடல் என்று பொருள். குடைந்த மரம், உள்ளே வெளிர்நீலம், குறுக்கே இழுத்துக் கட்டிய நரம்புகள். தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் குன்றுகளுக்கும் இடையே உணர்ந்த இழுவிசையே அந்த நரம்புகள் என்று விளக்கினார். அவர் கடல் என்கிறார். நாம் கேட்க மறுக்கிறோம்.

நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் 1964இல் நிறுவப்பட்ட அவருடைய 'ஒற்றை வடிவம்' நிற்கிறது. ஏறத்தாழ 21 அடி உயர வெண்கலம், மேற்பகுதியில் வட்டமாய் ஒரு துளை. விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்டின் நினைவாக வைத்தது. பேராசிரியரே, அந்தத் துளைக்கு என்ன பெயர் சொல்வீர்கள்? சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும் வெறும் வெளியைத் தத்துவம் என்று ஏற்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு பெண் கல்லில் திறந்துவைத்த வெளியையும் வெளியென்றே பார்க்கலாம்.