கட்டடமும் கட்டளையும்

தமிழக முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் வாணியம்பாடிக்குத் தனியிடம் உண்டு. 1901-இல் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1903-இல் பாலாற்றுப் பெருவெள்ளம் ஊரைச் சூறையாடியது. அத்துயரிலிருந்து மீண்ட ஊர் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்டது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருள் வகுப்பறையாக மாறிய வரலாறு அது. பிற்காலத்தில் கவிக்கோ அப்துல் ரகுமான் அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கியதால், தமிழ்த்துறையினர்க்கு அக்கல்லூரி மேலும் நெருக்கமானது. ஜமால் முகம்மது சாகிப், காஜாமியான் இராவுத்தர் ஆகிய வள்ளல்களின் கொடையால் 1951-இல் திருச்சியில் எழுந்த கல்லூரியும் இவ்வழி வந்ததே.

இக்கொடைகளைப் போற்றுவது நம் கடன். ஆயினும், கட்டடம் தருவோர் பலராக இருக்க, அதனைக் காக்கப் பொருள் தருவோர் அரியராக இருப்பது ஏன்?

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலை அறம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் உயிர்நிலை இதுவே. நம் முன்னோர் பள்ளிவாசலைக் கட்டியதோடு நில்லாமல், விளக்கெண்ணெய்க்குத் தோப்பும் பழுதுபார்ப்புக்குக் கடைகளும் எழுதிவைத்தனர்.

இன்றோ மண்டபம் எழுகிறது, கல்வெட்டுத் திறக்கப்படுகிறது, விருந்தும் முடிகிறது. பத்தாண்டில் மழைநீர்க் குழாய் அடைத்துத் தளத்தில் நீர் தேங்குகிறது. கம்பி துருவேறிக் காரை பெயர்கிறது. கைப்பிடிச்சுவரில் முளைத்த ஆலங்கன்றை ஒருவர் அரை நாளில் அகற்றிவிடலாம். விட்டால் சுவரே பிளக்கும். மழைநீர்க் குழாயில் தம் பெயரைப் பொறிக்க வேண்டுமென்று எந்த வள்ளலும் கேட்டதாக நாம் அறியோம்!

ஆகவே, மண்டபம் தருவோரிடம் அதனுடன் ஒரு கடையையும் கேட்போம். அதன் வாடகை அம்மண்டபத்தின் பராமரிப்புக்கே உரியதென்று பத்திரத்தில் எழுதுவோம். வங்கி வட்டியை விரும்பாதோர்க்கும் இது ஏற்புடைத்து. இவ்வாறு கேட்டால் கொடையாளர் பின்வாங்குவர் என்பார் சிலர். சிலர் பின்வாங்கட்டும், பத்தாண்டில் ஒழுகும் இரு மண்டபங்களினும் ஒழுகாத ஒன்று மேல். மண்டபம் கட்ட இயலாத மண்ணூர்பேட்டைப் பட்டறை உரிமையாளரும் சிறு வணிகரும் கூட்டாக ஒரு கடையை வக்ஃபாக்கலாம். அவர்கள் பெயரும் கல்வெட்டில் இடம்பெறட்டும்.

எக்கட்டடத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கல்லூரி ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். அக்கணக்கு மாணவர் விடுதியின் கழிப்பறையிலிருந்து தொடங்கட்டும்.