தமிழைத் 'தம' என்று படிக்கும் பொறி

தமிழ் என்னும் சொல்லைப் பொறிக்குள் இட்டால் 'தம' என்று மீள்கிறது. ழகரத்தைக் காணவில்லை. இஃது எவரோ கட்டிவிட்ட கதையன்று. 2007-இல் தொடங்கப்பெற்று இன்று உலகெங்கும் பயிலப்பெறும் 'சைகிட்-லேர்ன்' என்னும் திறவூற்றுப் பொறிக்கற்றல் தளம், எதனையும் மாற்றாது இயக்கின், பனுவலைச் சொற்களாகப் பிரிக்கும்போது நம் மொழிக்குச் செய்யும் கொலை இது.

கரணியம் எளிது. ஒருங்குறியில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டாய் நிற்கிறது. மெய்ப்புள்ளியும் தனியே நிற்கிறது. இத்தளம் அக்குறிகளை எழுத்தென்று கொள்வதில்லை. அங்கே சொல் முடிந்ததென வெட்டுகிறது. ஓரெழுத்தாய் எஞ்சியதை எறிந்துவிடுகிறது. எம் ரெட்டியார்சத்திரம் 'சத', 'ரம' என்று இரு துண்டாகிறது. திண்டுக்கல்லுக்குக் 'கல' மட்டுமே. நெல், பால், வீடு ஆகியவை தடமின்றி அழிகின்றன. உழவர் ஒருவர் 'நீர் இல்லை' என்று முறையீடு எழுதினால் பொறியின் கையில் எஞ்சுவது 'இல' ஒன்றே! அம்முறையீட்டை எவ்வகையில் சேர்ப்பது? (இந்திக்கும் இதே கேடுதான், அதனால் நமக்கென்ன ஆறுதல்?)

அயலாரை வைது பயனில்லை. அவர்கள் கதவை அடைக்கவில்லை. சொற்பிரிக்கும் இடத்தில் நம் படிமுறையைச் செருக அவர்களே வாயில் வைத்துள்ளனர். கற்றல் ஒன்று, உருமாற்றல் ஒன்று என்னும் இரு செயல்களையும் உடையதாக அதனை எழுதின், தளத்தின் பிற உறுப்புகளோடு அது தானே இணைந்து இயங்கும். எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டா. எழுத்தையும் அதனையொட்டிய குறியையும் ஒன்றெனக் கொள்க என்னும் ஒரே வரி முதல் நோயைத் தீர்க்கும்.

அடுத்த நோய்தான் பெரிது. மரத்தை, மரத்தில், மரத்தால் என்பவற்றை மூன்று வேறு சொற்களாகவே பொறி எண்ணும். அத்துச் சாரியையும் வேற்றுமை உருபும் களைந்து மரத்தைக் காட்டும் நெறியை வகுக்க வேண்டியவர் யாவர்? அமெரிக்கனா? தொல்காப்பியமும் நன்னூலும் ஓதிய நாமன்றோ! 'சுனோபால்' என்னும் திறவூற்றுத் தொகுப்பில் தமிழுக்கு ஈறுகளையும் படிமுறை ஒன்று ஏறியிருக்கிறது. இயலாது என்பார்க்கு அதுவே விடை.

2004-இல் செம்மொழி என்று அறிவிக்கப்பெற்றதை இன்னும் மேடைதோறும் முழங்குகிறோம். புலவரோ கணினி எமக்கெதற்கு என்கின்றனர். கணினி கற்றாரோ இலக்கணம் எமக்கெதற்கு என்கின்றனர். இவ்விருவருக்கும் இடையில்தான் ழகரம் வீழ்ந்து கிடக்கிறது. பைத்தான் அறிந்த ஒருவரும் நன்னூல் அறிந்த ஒருவரும் ஞாயிறுதோறும் ஒன்றாய் அமர்ந்தால் ஓராண்டில் வேற்றுமை எட்டையும் முடிக்கலாம். இவ்வட்டாரத்தில் அவ்வாறு அமர முன்வருவோர் இவ்விதழுக்கு எழுதுக.