திண்ணைக்கு எதுக்குத் தம்பி கம்பி?

சிவில் மூணாம் வருஷம் படிக்கிறவன் கட்டுரைன்னா பாலம், அணைக்கட்டு என்றுதான் இருக்கும் என நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் திண்ணையைப் பற்றியது. பத்தடிக்கு ஆறடி, ஒன்றரை அடி உயரம். அவ்வளவுதான்.

டிசைன் அடியேனுடையது. நாலு மூலையிலும் குழி, கம்பி கட்டி ஃபுட்டிங், அதன்மேல் பில்லர், சுற்றிலும் பெல்ட். "திண்ணைக்கு எதுக்குத் தம்பி கம்பி?" என்றார் கொத்தனார். எனக்குக் கோபம் வந்தது. இருந்த காசு அதிலேயே தீர்ந்துவிட்டதால், உள்ளே நிரப்ப வானம் தோண்டிய மண்ணையே அள்ளிப் போட்டோம். தண்ணீரும் விடவில்லை, திமிசும் போடவில்லை. ஐப்பசி மழை வந்தது. பில்லர் நாலும் அசையவில்லை. நடுத்தளம் மட்டும் ரெண்டு அங்குலம் இறங்கிப் பிளந்துவிட்டது. அந்த விளிம்பில் கால் தட்டி விழுந்து அப்பத்தாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நிரப்பிய மண், தளம், உட்காருகிற ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன். இறுகிய செம்மண் 100-க்கு மேலேயே தாங்கும். ஆக, பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. திண்ணையைக் கெடுப்பது தண்ணீரும் இறுகாத நிரப்பு மண்ணும்தான்.

அமெரிக்காவில் கொல்லையில் மரப்பலகை மேடை போடுகிறவர்கள் காங்கிரீட் தூணை ஆழமாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே குளிரில் மண் உறைந்து வீங்கும். புதுக்கோட்டையில் மண் எங்கே உறையுது? திருமயம் கோட்டைக்குப் பாறையே அஸ்திவாரம். நமக்கு அந்த யோகமும் இல்லை. ஆனால் கருங்கல் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஐ.எஸ். 1904 சொல்கிற 50 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வானம் எடுத்து, அடியில் ஜல்லிக் கலவை போட்டு, சுற்றிலும் கருங்கல் கட்டு கட்டினால் போதும் என்பது என் கட்சி. பழைய செம்புறாங்கல் கிடைத்தால் அதுவும் தாராளம். வேகாத செங்கல் மட்டும் மண்ணுக்குள் வேண்டாம், ஈரம் குடித்து உதிர்ந்துவிடும்.

களிமண் மனை என்றால் கதை வேறு. அறந்தாங்கிப் பக்கத்து நண்பர்கள் கவனிக்க: நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும் மண் அது. அதைத் தோண்டி வெளியே கொட்டிவிட்டு கிராவல் நிரப்புங்கள். எந்த மண்ணானாலும், துவைக்கிற தண்ணீரும் கூரைத் தண்ணீரும் திண்ணையடியில் நிற்காமல் ஓட ஒரு வாய்க்கால் வேண்டும். கம்பி வாங்கிய காசில் கால்வாசி இருந்தாலே இதை முடித்திருக்கலாம்.

சித்திரை லீவில் தளத்தை உடைத்து, கிராவலை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டோம். அதே கொத்தனார்தான். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தா மட்டும் இன்னும் வாசல் திண்ணையில்தான் உட்காருது.